பதிமூன்று உருப்படி

எனக்குக் கோ-பைலட்டாக வந்தவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். விமானத்தில் இடது இருக்கை கேப்டனுக்கு, வலது இருக்கை கோ-பைலட்டுக்கு. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் நாற்பது வயதில் வந்து வலது பக்கம் உட்கார்ந்தார். எழுபதுகள் முடிகிற சமயம். புனேயில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி, முதலாளி குடும்பமும் பெரிய அதிகாரிகளும் போய்வர வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய ஜெட்டை வாங்கியிருந்தது. எட்டுப் பேர் உட்காரலாம். அதை ஓட்ட நாங்கள் இரண்டு பேர்.

அவருடைய அப்பா புனேயிலேயே கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி. குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அவர் பதினெட்டு வயதில் ஏர்ஃபோர்ஸில் மெக்கானிக்காகச் சேர்ந்து, மற்றவர்கள் ஓட்டிய விமானங்களின் எஞ்சின்களைப் பதினைந்து வருஷம் கழற்றி மாட்டியிருக்கிறார். வெளியே வந்ததும் கையிலிருந்ததையெல்லாம் ஃப்ளையிங் கிளப்பில் கொட்டி, பறந்த மணிக்கணக்குச் சேர்த்து, முப்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கினார். அந்த வயதில் அவருக்கு யாரும் வேலை கொடுக்கத் தயாராக இல்லை. எங்கள் கம்பெனி கொடுத்ததற்குக் காரணம், விமானத்துக்கு ஏதாவது ஒன்றென்றால் திருப்புளியை எடுத்துக்கொண்டு அவரே இறங்கிவிடுவார் என்பதுதான்.

நான் வேறு வழியாக வந்தவன். எங்கள் வீடு திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடு. அப்பா புனே கேம்ப் பகுதியில் பள்ளிக்கூட வாத்தியார். தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டது ஞாயிறு பள்ளியில், வேதாகமத்தை எழுத்துக் கூட்டித்தான். பத்தொன்பது வயதிலேயே பறக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் தமிழர் என்பது முதல் இரண்டு நாள் எனக்குத் தெரியாது. இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் விமானத்தின் வால் பக்கத்தில் ஒரு தோல் பெட்டியைத் தூக்கும்போது மூச்சுக்குள் "எப்பா சாமி" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். எந்த ஊர் என்று தமிழில் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து பயணிகள் முன்னால் நான் அவருக்குக் கேப்டன். தனியாக இருக்கும்போது தம்பி. நான் எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன். காக்பிட்டுக்கும் பயணிகளுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். அதற்குப் பின்னால் மராட்டியும் குஜராத்தியும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். தமிழில் நாங்கள் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

தனியார் விமானத்தில் பெட்டி ஏற்றுவது யார் வேலை என்று வெளியே கேட்டால் யாரும் பைலட் என்று சொல்ல மாட்டார்கள். புனேயின் லோஹகாவ் விமான நிலையம் ஏர்ஃபோர்ஸுடையது; பயணிகளுக்கென்று ஒரு சின்னக் கட்டடம் இருந்தது. அங்கிருந்த போர்ட்டர்கள் ஏர்லைன் வேலைக்கு மட்டும்தான். நான் சேர்வதற்கு முன் ஒரு தடவை அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு ஏற்றியதில் முதலாளியம்மாவின் பெட்டியில் கீறல் விழுந்ததாம். அதற்கப்புறம், வெளியாள் யாரும் சாமானைத் தொடக்கூடாது, பைலட்டுகளே ஏற்றி இறக்க வேண்டும் என்று உத்தரவு. பைலட்டுகள் என்றால் கோ-பைலட். கேப்டன் வானிலை பார்ப்பார், காகிதங்களில் கையெழுத்துப் போடுவார், படிக்கட்டருகே நின்று வந்தவர்களை வணங்குவார். எல்லாக் கம்பெனியிலும் அதுதான் வழக்கம். நானும் வலது பக்கம் உட்கார்ந்த காலத்தில் பெட்டி தூக்கினவன்தான். ஆனால் எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, அதுவும் ஒரு வருஷம்தான்.

அந்த ஜெட்டில் பெட்டி அறை வால் பக்கம், எஞ்சினுக்குக் கீழே. கதவு நெஞ்சு உயரத்தில் இருக்கும். உள்ளே ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற ஆழம். கனமானதை முன்னால், இலேசானதை வால் நுனியில் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் விமானத்தின் மூக்கு தூக்கிக்கொள்ளும். எஞ்சின் தலைக்கு மேலே இருப்பதால் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தபடி பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து, இடுப்பைத் திருப்பி, நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுபோய், கையை நீட்டி உள்ளே தள்ள வேண்டும். பிறகு முக்காலியில் ஏறி, இடுப்பு வரை உள்ளே நுழைந்து, கைகளை நீட்டியபடியே அதை இடம் சேர்த்து வலையால் கட்ட வேண்டும். மே மாதத்தில் உள்ளே தகரம் கொதிக்கும். முழங்கையை ஊன்ற முடியாது. இறக்கும்போது இன்னும் மோசம். இழுக்க இழுக்க வராத பெட்டி, விளிம்பு தாண்டியதும் மொத்தக் கனத்தோடு நெஞ்சில் விழும். அந்தக் காலத்துப் பெட்டிகளுக்குச் சக்கரமும் கிடையாது. காரிலிருந்து விமானத்துக்கு, விமானத்திலிருந்து காருக்கு, திரும்பும்போது மறுபடியும். ஒரே பெட்டியை ஒரு நாளில் நாலு தடவை தூக்குவார். அதற்குப் பிறகு கை கழுவி, தலை வாரி, தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். உடம்புக்கு அது ரொம்பக் கெடுதல். வேர்வை காய்வதற்குள் முதுகு இறுகிவிடும்.

அவர் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நாள் நான் ஒரு பெட்டியைப் பிடிக்கப் போனேன்.

"நீங்க போங்க தம்பி. சட்டை அழுக்காயிடும். இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்" என்றார்.

நான் போய்விட்டேன். அடுத்த முறை பிடிக்கப் போகவில்லை. எட்டு வயது மூத்தவர் வெயிலில் குனிந்துகொண்டிருக்கும்போது நான் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு படிக்கட்டருகே நின்றுகொண்டிருந்தேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. இதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

அவருக்கு ஒரு கைத்திறமை இருந்தது. பெட்டியைத் தூக்கும்போதே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். "பதினெட்டு... இருபத்தி ரெண்டு... இது இருபத்தொன்பது, உள்ள இன்னாத்த வச்சிருக்காங்களோ" என்று அவர் சொல்லச் சொல்ல நான் எடைக் கணக்குக் காகிதமான லோட் ஷீட்டில் எழுதுவேன். எங்களிடம் தராசு கிடையாது. ஒரு முறை சந்தேகத்தில் ஏர்லைன் தராசில் நாலு பெட்டிகளை வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கு மேல் பிசகவில்லை.

மூன்றாவது வருஷம் மே மாதம், தில்லிக்கு ஒரு மீட்டிங். வார்ப்படச் சாம்பிள்கள் நிறைந்த மரப்பெட்டி ஒன்று வந்தது. பார்க்கச் சின்னது; கனம் அறுபது கிலோவுக்கு மேல். நான் வானிலைக் காகிதத்தோடு திரும்பி வந்தபோது பெட்டி உள்ளே போயிருந்தது. அவர் இறக்கையின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து நின்றுகொண்டிருந்தார். என்ன அண்ணாச்சி என்றேன். ஷூ லேஸ் என்றார். லேஸ் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். காக்பிட்டில் தைல வாசனை வந்தது. இருக்கையில் உட்காரும்போது இரண்டு கைகளாலும் மேலே பிடித்துத் தொங்கி, மெதுவாகத் தன்னை இறக்கிக்கொள்வார். வெளியூரில் ஓட்டலில் எங்களுக்கு ஒரே அறை. ஒரு நாள் காலையில் கண் விழித்தால் அவர் கட்டிலில் இல்லை. தரையில் போர்வையை விரித்து, முழங்காலுக்கடியில் இரண்டு தலையணைகளை வைத்துப் படுத்திருந்தார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவராகவே சொன்னார். வலி இடுப்பில் ஆரம்பித்து வலது காலின் பின்பக்கமாகக் குதிகால் வரை இறங்குகிறது. ஆறு மாதமாக இருக்கிறது. டாக்டரிடம் போகவில்லை, போனால் எழுதிவிடுவார்கள், எழுதினால் மெடிக்கல் பரிசோதனையில் பறக்கவிடாமல் நிறுத்திவிடுவார்கள்.

கம்பெனி அப்போது இரண்டாவதாக ஒரு சின்ன விமானம் வாங்கப் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு அவரைக் கேப்டனாகப் போடுவதாக விமானப் பிரிவு மேனேஜர் சொல்லியிருந்தார். இன்னும் கொஞ்சம் மணிக்கணக்குச் சேர வேண்டும், ஒரு பரீட்சை பாக்கி.

"அரை வருசம் தம்பி. பல்லக் கடிச்சிகினு ஓட்டிடுவேன். அப்புறம் பெட்டி தூக்க எனக்குன்னு ஒரு ஆளு வந்துடுவான்" என்றார்.

யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அதோடு, இனிமேல் பெட்டிகளை நான் தூக்குகிறேன் என்றும் சொன்னேன்.

எட்டு நாள் தூக்கினேன். மூன்றாம் நாள் இடது மணிக்கட்டு வீங்கியது. தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போட்டவன் முன் பெஞ்சைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. அவர் இதை மூன்று வருஷமாகச் செய்கிறார் என்று அப்போதுதான் என் உடம்புக்குப் புரிந்தது. எட்டாம் நாள் விமானப் பிரிவின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கேப்டன் வேர்த்து வழிந்துகொண்டு வந்து வணக்கம் சொல்வது முதலாளி வீட்டாருக்குப் பிடிக்கவில்லை, கோ-பைலட் எதற்கு இருக்கிறார் என்று ஹிந்தியில் கேட்டார். காரணத்தைச் சொன்னால் அண்ணாச்சியின் வலி வெளியே வந்துவிடும். நான் சரி என்றேன். அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்காகச் சரி என்றேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்கைக் காப்பாற்றினேன் என்பது உண்மை. தூக்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டதும் உண்மை.

அண்ணாச்சியிடம் சொன்னபோது, "அப்பாடா, தராசு மறுபடி என் கைக்கு வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் மாதம் முதலாளியின் இளைய மகனுக்குக் கல்யாணம். பெண் வீடு பெங்களூர். ஆஷாடம் தொடங்குவதற்கு முந்தின கடைசி முகூர்த்தம். மூன்று நாளில் ஐந்து தடவை புனேக்கும் பெங்களூருக்கும் போய்வந்தோம். பட்டுப்புடவைப் பெட்டிகள், பித்தளைச் சாமான்கள், பழக்கூடைகள். கடைசிப் பயணம் கல்யாணத்துக்கு மறுநாள் பிற்பகல். முதலாளியம்மாவும் நெருங்கின உறவினர்களும் திரும்பினார்கள். பெண் வீட்டுச் சீர் கூடவே வந்தது. அதில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு இரும்பு டிரங்கு. வெள்ளிப் பாத்திரங்கள் என்று சொன்னார்கள்.

பெங்களூரில் மழை. நான் குடை பிடித்து முதலாளியம்மாவைக் காரிலிருந்து படிக்கட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். மற்றதையெல்லாம் ஏற்றிவிட்டு அண்ணாச்சி டிரங்குக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேர் தூக்க வேண்டிய சாமான். மழையில் நனைந்தபடி என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை, பார்த்தார். நான் பார்த்ததையும் அவர் பார்த்தார். என் கையில் குடை இருந்தது. குடைக்கடியில் முதலாளியம்மா இருந்தார். ஒரு நிமிஷம் அண்ணாச்சி என்று நான் குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவர் குனிந்தார். அம்மாவை ஏற்றிவிட்டு நான் திரும்பியபோது பெட்டி அறைக் கதவு சாத்தியிருந்தது.

திரும்புகிற பயணத்தை அவர்தான் ஓட்டினார். அவருடைய மணிக்கணக்குச் சேர வேண்டும் என்பதற்காக வெறும் வழித்துணை போல நான் உட்கார்ந்திருப்பது எங்களுக்குள் ஏற்பாடு. நன்றாகத்தான் ஏற்றினார். மேகத்துக்கு மேலே வந்ததும் அவர் முகத்தில் வேர்வை வழிவதைப் பார்த்தேன். உள்ளே குளிராக இருந்தது. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். புனேயை நெருங்கி மழை மேகத்துக்குள் இறங்க ஆரம்பித்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"தம்பி, நீங்க எடுத்துக்குங்க. வலது காலு பெடல்ல இருக்குதான்னு எனக்குத் தெரியல."

நான் எடுத்துக்கொண்டேன். ரன்வே நனைந்திருந்தது, பக்கவாட்டுக் காற்று வேறு. இறங்கும் வரை அவர் வேகத்தையும் உயரத்தையும் ஒழுங்காகப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. பின்னால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

விமானத்தை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். கொட்டுகிற மழை. மூன்று கார்கள் பக்கத்திலேயே வந்து நின்றன. பயணிகள் இறங்கிக் காருக்குள் உட்கார்ந்தார்கள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். எழுந்திருக்க முடியவில்லை என்று தலையை அசைத்தார். அதற்குள் டிரைவர் குடையோடு படியேறி வந்து, அம்மா சாமானுக்காகக் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் என்றான்.

"அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி. இப்ப வந்துருதேன்" என்றேன்.

"போய்ட்டு வாங்க" என்றார்.

பதிமூன்று உருப்படி. ஒவ்வொன்றாக இழுத்து, நெஞ்சில் வாங்கி, கீழே வைத்து, டிரைவர்களிடம் கொடுத்தேன். கடைசியாக டிரங்கு. நானும் ஒரு டிரைவரும் சேர்ந்து இழுத்தும் அது கை நழுவித் தரையில் இடித்தது. மூலை நசுங்கியிருக்கிறதா என்று காரிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்கள். நசுங்கவில்லை. கார்கள் போன பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் என்று சொன்னவன் இருபத்தைந்து நிமிஷம் கழித்துத் திரும்பினேன்.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. அந்தக் காக்பிட்டில் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு மேடை போல இருக்கும். அதைத் தாண்டிக் காலைப் போட வேண்டும். அவர் வலது காலின் பேன்ட் துணியை இரண்டு கைகளாலும் பிடித்து, வேறு யாருடைய காலையோ எடுத்து வைப்பது போலத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார். நிற்க முடியவில்லை. முழங்கைகளை ஊன்றி இருக்கைகளுக்கு நடுவே தவழ்ந்துதான் கதவு வரை வர முடியும். தவழ்வதற்கு முன்னால் நிறுத்தி, கீழே பேப்பர் விரிக்கச் சொன்னார்.

"கார்ப்பெட்டு நாசமாயிடும். சட்டை ஈரமா கீது."

முதலாளியம்மா தேர்ந்தெடுத்த வெளிர் நிறக் கார்ப்பெட். நான் செய்தித்தாளை விரித்தேன். அதன்மேல் அவர் தவழ்ந்து வந்தார். ஏர்லைன் போர்ட்டர்கள் இருவரைக் கூப்பிட்டு வந்தேன். சாமானைத் தொடக்கூடாதென்று எங்கள் விமானத்தின் பக்கமே விடாமல் வைத்திருந்த ஆட்கள்தான். அவர்கள் எதுவும் கேட்காமல் ஒருவர் தோளும் மற்றவர் காலுமாகப் பிடித்து இறக்கி, ஜீப்பின் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள்.

முதுகெலும்பில் டிஸ்க் நகர்ந்து நரம்பை நசுக்கியிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். வலி குறைந்தது, பாதத்தின் பலம் திரும்பவில்லை. நடக்கும்போது வலது பாதம் தூக்காது, தரையில் சப்பென்று விழும். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் பாதத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சீக்கிரம் என்றால் மாதங்களா, மணிகளா, அந்த இருபத்தைந்து நிமிஷமா என்று நான் கேட்கவில்லை.

மெடிக்கல் போர்டு அவரை நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று எழுதியது. அதற்கப்புறம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். எக்ஸ்ரேயில் பழைய தேய்மானம் தெரிகிறது, இது வேலையில் வந்ததா, முன்னாலேயே இருந்ததை ஆள் மறைத்தாரா என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும், கேப்டன் என்ற முறையில் நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். வலியுள்ள கோ-பைலட்டோடு தெரிந்தே ஒரு கேப்டன் பறந்திருந்தால் அந்தக் கேப்டனின் லைசென்ஸும் கேள்விக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நல்ல விதமாகத்தான் சொன்னார்.

எனக்குச் சிறு குழந்தைகள் இரண்டு. சாக்குச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்று என் மனதில் ஓடியது அதுதான். அவருக்கு வலி இருந்தது எனக்கு எப்போதும் தெரியாது, அவர் என்னிடம் சொன்னதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷமாக அவர் ஒருவரே எத்தனை சாமான் தூக்கினார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

ஏற்கெனவே இருந்த நோயைத் தன் கேப்டனிடமே மறைத்தவர் என்று அவருடைய ஃபைலில் ஏறியது. கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று முடிவானது. இருந்தாலும் கருணை அடிப்படையில் புனேக்கு வெளியே சிஞ்ச்வட் ஒர்க்ஷாப்பின் ஸ்டோர் ரூமில் ஒரு உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். கட்கியிலிருந்து குடும்பத்தோடு அதற்குப் பக்கத்து நிக்டிக்குக் குடிபெயர்ந்தார்.

அவர் இருந்த இடத்துக்கு ஒரு இளைஞன் வந்தான். முதல் நாளிலிருந்தே நான் அவனோடு சேர்ந்து பெட்டி தூக்கினேன். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்குள் கம்பெனி ஒரு தராசு வாங்கியது. சாமான் ஏற்ற இரண்டு ஆட்களையும் போட்டது. புது ஆட்கள் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

நிக்டிக்கு நான் போகவே இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு, சிஞ்ச்வட் வரை லோக்கல் ரயிலில் போய் அங்கிருந்து பஸ். காலனி வீடு; இரண்டு அறை. பால்வாடியில் டீச்சராக இருந்த அவர் மனைவி கதவைத் திறந்தார். அண்ணாச்சி எழுந்து வந்தார். பாதம் தரையில் விழுகிற சத்தம் முதலில் வந்தது. உடம்பு பெருத்திருந்தது. ஸ்டோர் வேலை, புனே மழை, பையன்களுக்குத் தமிழ் வராமல் மராட்டியே வருகிறது என்று எதையெதையோ பேசினோம். அவர் மனைவி சமையலறைக்குள் போனதும் நான் சொன்னேன்.

"அண்ணாச்சி, எனக்குத் தெரியும்னு எழுதியிருக்கணும். எழுதலை."

அவர் ஆச்சரியப்படவில்லை. கடிதத்தின் நகலை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள்.

"எழுதியிருந்தா நீங்களும் எறங்கியிருப்பீங்க. ரெண்டு பேருமா எறங்கி இன்னா பண்றது" என்றார். கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடுதாசி எனக்குப் பெரிசா தெரியல தம்பி. அன்னிக்கு நீங்க சாமானு எறக்கிகினு இருந்தீங்க பாருங்க. ஒவ்வொண்ணும் கீழ வைக்கிற சத்தம் எனக்கு உள்ள கேட்டுகினே இருந்துச்சு. வேற வேல இல்ல, எண்ணிகினு இருந்தேன். பத்து ஆனதும் மிச்சத்த வுட்டுட்டு வந்துடுவீங்கன்னு நெனச்சேன்."

அவர் மனைவி டீயும் அவல் போஹாவும் கொண்டு வந்தார். சாப்பிட்டேன். அண்ணாச்சி வாசல் வரை வந்து வழியனுப்பினார். பஸ் ஸ்டாப்புக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு போவேன். அந்த நாளைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஸ்டோரில் அவருக்கு நல்ல பேர். எங்கே எந்த போல்ட் இருக்கிறது என்று ரெஜிஸ்டரைப் பார்க்காமல் சொல்வார் என்று அங்கே வேலை பார்த்த ஒருவர் சொன்னார். அவர் பைலட்டாக இருந்தது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாதாம். அவர் சொல்லிக்கொள்வதில்லை.

எண்பதுகளின் கடைசியில், ஒரு மார்ச் மாதம், ஸ்டோர் ரூமில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நான் அப்போது முதலாளியோடு பம்பாயிலும் தில்லியிலுமாக இருந்தேன். எனக்குச் செய்தி வந்ததே பதினைந்து நாள் கழித்துத்தான். எல்லாம் முடிந்திருந்தது.

போனேன். அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டார். பையன்கள் இருவரும் மராட்டியில் ஏதோ சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். அவர் மனைவிக்கு அழுது முடித்த முகம். அவர்தான் முதலில் பேசினார்.

"உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அவரு கேப்டனா ஆயிருந்தா நல்லா ஓட்டியிருப்பாரா? சும்மா ஆறுதலுக்குச் சொல்ல வாணாம். உங்களுக்குத்தான் தெரியும்."

நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கால் மரத்துப்போன நிலையில் மேகத்துக்குள் இறங்கும்போது குரல் நடுங்காமல் உயரத்தைப் படித்த மனிதர் அவர். என்னைவிட நன்றாக ஓட்டியிருப்பார் என்று சொன்னேன். அது உண்மை.

"இத நீங்க அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபம் இல்லை. டீ போடட்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குப் போனார். நான் டீ வரும் வரை உட்கார்ந்திருந்தேன்.